லாபம், ரெண்டு, மூண்டு

அன்று எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். பெயர் சிவலிங்கம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறேன்.

என் மனைவி பவளம். கதிரையில் இருந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மகள் சுகந்தி. வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வளவு இராசமணி அக்கா. அவவின் தங்கச்சி மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளையைத் துடைக்கச் சின்னத் துவாய் வாங்க வந்திருந்தா.

இராசமணி அக்காவின் ஆடு. அதை ஒருவரும் கூப்பிடவில்லை.

சின்னத் துவாய் என்பது எங்கள் வீட்டுக்குள் வழங்கும் பெயர். பருத்தி நூலை எடுத்துக் கொக்கி ஊசியால் பின்னுகிற சதுரத் துண்டு. இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவு. குளிக்கும்போது மேல் தேய்க்கலாம், முகம் துடைக்கலாம், பழசானால் குசினிக்கு எடுக்கலாம். கடையில் மினுக்கமாக விற்கிற நூல் தண்ணீர் குடிக்காது. பருத்தி குடிக்கும். பவளம் அதில் பூப் போடமாட்டாள். ஓரத்துக்கு அலங்காரமாக றேந்தையும் வைக்கமாட்டாள். "துடைக்கிற துணிக்கு என்னத்துக்குச் சோடனை?" என்பாள். ஊசியால் நூலை ஒருமுறை வளைத்து இழுப்பது ஒரு கண்ணி. ஒரு வரிக்கு முப்பத்திரண்டு கண்ணி. எந்தத் துவாயை எடுத்து எண்ணினாலும் முப்பத்திரண்டுதான்.

இராசமணி அக்கா நூலைத் தடவிப் பார்த்தா. "உந்த நூல் பச்சைப் பிள்ளைக்குக் குத்தாதோ பவளம்?"

பவளம் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஊசி விழுந்தது. இடக்கையால் எடுத்து வலக்கைக்குள் வைத்தாள். திரும்பவும் விழுந்தது. பிறகு ஏதோ சொன்னாள். அது சொல்லாக இருக்கவில்லை.

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். இராசமணி அக்காவும் சிரித்தா.

சுகந்தி சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து தாயின் முன்னால் குந்தினாள்.

"அம்மா, ரெண்டு கையையும் தூக்குங்கோ பாப்பம்."

இடக்கை எழும்பியது. வலக்கை மடியிலேயே கிடந்தது. வாயின் ஒரு கரை இறங்கியிருந்தது.

"வெறும் வயித்தோடை இருந்திருப்பாள். ஒரு மல்லிக்கோப்பி ஊத்திக் குடுப்பம்" என்றா இராசமணி அக்கா.

"ஒண்டும் குடுக்காதேங்கோ மாமி, புரைக்கேறும். அப்பா, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. இப்பவே."

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் ஒன்றும் குடிக்கக் கொடுக்காதீர்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள். படுத்தால் சரிவரும் என்று பார்த்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எனக்கு இது தெரியாது. மகளுக்குத் தெரிந்திருந்தது.

ஓட்டோ வருவதற்குள் சுகந்தி இன்னொரு காரியமும் செய்தாள். கொக்கிப் பின்னலில் ஊசி கழன்றால் ஒரே ஒரு கண்ணி திறந்து நிற்கும். அதில் நூல் இழுபட்டால் துணி முழுக்கக் குலைந்துவிடும். அவள் தன் சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றி அந்தக் கண்ணியில் குத்தினாள். அந்த நேரத்தில் அது ஏன் என்று பிறகு கேட்டேன்.

"தெரியாதப்பா. கை செய்துது" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் (தலைக்குள் இருப்பதைப் படமாக எடுப்பது) எடுத்தார்கள். டொக்டர் என்னை நடையில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கிலுக்குக் கூட்டிவந்து இருத்தித்தான் சொன்னார். பாரிசவாதம் (மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோவது). அடைப்பு இடப்பக்கத்து மூளையில். அதனால் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறதாம்.

"நேரத்தோடை கொண்டு வந்திட்டியள் ஐயா. உயிருக்குப் பயமில்லை. நடப்பா. கை மெல்ல மெல்லத்தான்."

"கதைப்பாவோ?"

"அதுக்கு இப்ப நான் வாக்குத் தரேலாது. நீங்கள் கதைக்கிறதிலை கனக்க அவவுக்கு விளங்குது. சொல்லும் உள்ளை இருக்கு. வெளியிலை வாற வழிதான் அடைஞ்சு கிடக்கு. சொல்லு, சொல்லு எண்டு கரைச்சல் குடுக்காதேங்கோ. பக்கத்திலை இருந்து நீங்கள் கதையுங்கோ."

பேச்சிழப்பு என்று அதற்குப் பெயர் (நினைப்பது இருக்கும், நாக்கும் அசையும், ஆனால் நினைத்த சொல் வாய்க்கு வராது). டொக்டர் சொன்னதை நான் தலையாட்டிக் கேட்டேன். பக்கத்தில் இருந்து கதையுங்கோ என்றது மட்டும் எனக்குப் பாரமாக இருந்தது. எங்கள் வீட்டில் கதைக்கிற ஆள் பவளம். நான் ஓம் சொல்கிற ஆள்.

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனைக் கூப்பிடுவதுபோல "இஞ்சாருங்கோ" என்பாள். இங்கே பாருங்கள் என்பது தேய்ந்து அப்படி ஆனது. குசினியில் இருந்து கூப்பிட்டால் தோட்டத்துக் கடைசி வரம்பு வரைக்கும் கேட்கும். வார்ட்டில் அவளுடைய கட்டிலடியில் இருந்தபோது எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். கை வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

கட்டிலில் இருந்து அவள் சொன்னதெல்லாம் "தா, தா" தான். தண்ணீருக்கும் தா. வலிக்கும் தா. நான் விளங்காமல் விழித்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்தபோது மாரி தொடங்கியிருந்தது. இயன்மருத்துவம் (விழுந்த கை காலைப் பயிற்சியால் அசைய வைப்பது) செய்கிற பிள்ளை காட்டித் தந்தபடி காலையும் மாலையும் கை, கால் மடக்கி நீட்டினோம். பொல்லுப் பிடித்து எழும்பினாள். பிறகு பொல்லோடு நடந்தாள். கால் விசயத்தில் டொக்டர் சொன்னது சரி.

மேல் கழுவி விடுவது என் வேலை ஆனது. சுகந்தி தான் செய்வதாகச் சொன்னாள். பவளம் விடவில்லை. இடக்கையால் என்னைக் காட்டினாள். சரி என்றேன்.

கழுவுகிறவர்களுக்கு இரண்டு விசயம். விழுந்த பக்கத்துக்குச் சூடு தெரியாது. தண்ணீரை அவரின் நல்ல கையால் தொட்டுப் பார்க்க வைத்துவிட்டு ஊற்றுங்கள். மற்றது, சாப்பிட்ட பின் கோணின பக்கத்துக் கன்னத்தின் உள்ளே, கொடுப்புக்குள் சோறு நிற்கும். அவருக்குத் தெரியாது. விரலில் நனைத்த துணியைச் சுற்றி மெல்ல வழித்து எடுக்க வேண்டும்.

அதற்கெல்லாம் பவளத்தின் சின்னத் துவாய்தான் தோது. ஆனால் வீட்டில் நல்லதாக மூன்றுதான் கிடந்தன. பின்னியதையெல்லாம் அவள் ஊருக்குக் கொடுத்திருந்தாள். கழுவிக் கழுவிப் போட்டும் மாரியில் காயவில்லை. சந்தையில் ஒரு துவாய் வாங்கி வந்து முகத்தில் வைத்தேன். அவள் முகத்தை இழுத்துக்கொண்டாள். என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் செய்தது சரிதான்.

அலுமாரியைத் திறந்தேன். நூல் உருண்டைகள் இருந்தன. ஊசி இருந்தது. ஊக்குக் குத்திய துணியும் பாதியில் இருந்தது. அதைத் தொடவில்லை. புது நூலை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"நான் பின்னப்போறன். நீர் பாத்துச் சொல்லும்."

என் கையைப் பார்த்தாள். வாழை வெட்டுகிற கை. விரலிடுக்கில் எல்லாம் வாழைப்பால் காய்ந்த கயர். அது சவர்க்காரத்துக்கும் போகாது. சிரிப்பு வந்தது அவளுக்கு. ஒரு பக்கத்தால் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதற் சிரிப்பு.

கண்ணாலேயே சொல்லித் தந்தாள். தலை ஆடினால் பிழை. கண்ணை மூடினால் பெரிய பிழை. நூலை இறுக்கிப் பிடித்தேன், ஊசி உள்ளே போகவில்லை. இளக்கிப் பிடித்தேன், தென்னோலைக் கிடுகு மாதிரி வந்தது. வெள்ளை நூல் என் விரல் பட்ட இடமெல்லாம் மண்ணிறம் ஆனது.

இராசமணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன தம்பி, குலை வெட்டுற கத்தியைத் துலைச்சிட்டியோ?"

"இல்லை அக்கா. சின்னத் துவாய்."

"எங்கை, தூக்கிக் காட்டு பாப்பம்."

தூக்கிக் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் பார்த்தா.

"துவாயோ? எனக்குத் தலைவாழையிலை மாதிரித் தெரியுது."

அவ சொன்னதிலும் பிழை இல்லை. என் துணி அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப்போக ஒடுங்கி நுனி வைத்தது. குலைத்துத் திரும்பவும் பின்னினேன். திரும்பவும் நுனி வைத்தது. முதல் வரியில் முப்பத்திரண்டு இருந்தது. அடுத்ததில் முப்பத்தொன்று. அதற்கடுத்ததில் முப்பது. வரிக்கு ஒரு கண்ணி எங்கோ களவு போனது.

களவு போன இடம் என் வாயில் இருந்தது.

நாங்கள் சந்தையில் குலை எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டோம். லாபம் என்றுதான் தொடங்குவோம். லாபம், ரெண்டு, மூண்டு. அப்பரும் அப்படித்தான் எண்ணினார். நானும் சின்ன வயதில் இருந்து அப்படித்தான். சம்பளக் காசு எண்ணினாலும் வாழைக்குட்டி எண்ணினாலும் லாபம்தான் முதல். பவளத்துக்கு அது பிடிக்காது. முந்தி அவளுக்கு நூல் உருட்டக் கை கொடுத்துக்கொண்டு சும்மா சுற்று எண்ணுவேன். "இஞ்சாருங்கோ, சந்தைக் கணக்கை வாசலிலை விட்டிட்டு வாங்கோ" என்பாள். "லாபம் லாபம் எண்டு எண்ணி எங்கை கண்டம் லாபம்?"

பின்னலில் ஒரு வரி முடிந்ததும் துணியைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் மேல் வரிக்கு ஏற ஒரு வெறுங்கண்ணி போட வேண்டும். அது ஏணிப்படி மாதிரி. கணக்கில் சேராது. அதன் பிறகு கீழ்வரியின் முதற் கண்ணியில் ஊசியைக் குத்தி, அங்கேதான் ஒன்று என்று தொடங்க வேண்டும். நான் அந்த வெறுங்கண்ணியைப் போடும்போதே லாபம் என்றேன். அடுத்துச் சொல்ல வேண்டியது ரெண்டு. ஊசியும் இரண்டாவது கண்ணிக்குப் போனது. முதற் கண்ணி வரிக்கு வரி தவறியது. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

பவளம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையை ஆட்டினாள். கண்ணை மூடினாள். எனக்கு விளங்கவில்லை.

மழை விட்ட ஒரு பகல். விறாந்தையில் இருந்து பின்னிக்கொண்டிருந்தேன். துணியைத் திருப்பினேன்.

"லாபம்" என்றேன்.

இடக்கையால் என் விரல் மொளியில் அடித்தாள். வலித்தது. என்ன என்று பார்த்தேன். ஒன்றுமில்லைப் போல என்று திரும்பத் தொடங்கினேன்.

"லாபம், ரெண்டு..."

"ஒண்டு."

சத்தம் தடித்திருந்தது. எனக்குப் பின்னால் இராசமணி அக்கா வந்து நிற்கிறா என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"என்ன சொன்னனீர்?"

விரலை நீட்டி, நான் தாண்டிப்போன முதற் கண்ணியில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. கோபம்.

"ஒண்டு" என்றாள். "ஒண்டு. ஒண்டு."

நான் வாசலுக்கு ஓடிப்போய் உள்ளே கூப்பிட்டேன். "சுகந்தி! கொம்மா கதைக்கிறா!"

சுகந்தி தலை துவட்டியபடி வந்தாள். "என்னவாம்?"

"நான் செய்யிறது பிழையாம்."

"அது புதினமில்லையே அப்பா" என்றாள் மகள். சொல்லிவிட்டு அந்தத் துவாயாலேயே முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி (போன பேச்சைப் பழக்கத்தால் திரும்பக் கொண்டுவருவது) கொடுக்கிற பிள்ளையிடம் சொன்னேன். துணியையும் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பிள்ளை நுனியில் இருந்து அடிவரைக்கும் தடவிப் பார்த்தா.

"ஐயா, எண்ணுறது வரிசையாப் பழகின சொல்லு. கிழமை சொல்லுறது, தேவாரம் பாடுறது, உதுகளும் அப்பிடித்தான். தனிச் சொல்லு வராட்டியும் வரிசை சில பேருக்கு வரும்."

"அப்ப கதை வந்திடுமோ பிள்ளை?"

"எண்ணுறது கதைக்கிறது இல்லை ஐயா. உங்களுக்கு ஆசை காட்டி நான் சொல்லக்கூடாது. ஆனால் கதவு ஒண்டு கொஞ்சம் திறந்து இருக்கு. ஒவ்வொரு நாளும் அதாலை போய் வாங்கோ. நீங்கள் லாபம் எண்டு மட்டும் துவங்காதேங்கோ. அவவைக் குழப்பாதேங்கோ."

பவளம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்று முதல் எண்ணுவது அவள் வேலை. ஊசி குத்துவது என் வேலை. ஒண்டு, ரெண்டு என்று மெல்லப் போவாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் ஊசியைக் கண்ணிக்குள் விட்டுக் காத்திருப்பேன். ஏழில் நின்றுவிட்டாள். எட்டு வரவில்லை. வாயைத் திறந்து மூடினாள். கண் கலங்கியது.

சொல்லிக் கொடுக்க எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். துணியைத் திருப்பினேன்.

"சரி. அடுத்த வரி" என்றேன்.

ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஏழு. திருப்பினேன். நாடா மாதிரி நீளமாக ஒரு துணி வந்தது. ஏழு கண்ணி அகலம். துடைக்க உதவாது. சுகந்தி அதை மடித்துச் சூட்டுச் சட்டி பிடிக்க வைத்திருக்கிறாள். ஓரம் இரண்டும் நேராக இருந்தது. நான் பின்னிய முதல் நேரான துணி அதுதான்.

அடுத்த துணியை ஒன்பதில் தொடங்கினேன். ஒன்பது வந்தது. அதற்கடுத்ததைப் பன்னிரண்டில். பதினொன்றில் கொஞ்ச நாள் சிக்கினாள். பிறகு வந்தது. எங்கள் கொடியில் காய்கிற துணிகளின் அகலத்தைப் பார்த்தால் அவளின் வாய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

பிறகு நூலை இடக்கையில் தானே வாங்கிக்கொண்டாள். விரலில் சுற்றி அளவாக விடுவாள். நூல் இறுக்கம் அதோடு சரிவந்தது. நான் அவளுடைய வலப்பக்கம் இருப்பேன். விழுந்த பக்கத்தில் ஆள் இருந்தால் அந்தப் பக்கத்தை அவள் மறக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளின் இடக்கை. என் வலக்கை. ஒரு ஆள் பின்னுகிற துணி.

எல்லாம் ஏறுமுகமாக இருக்கவில்லை. அதையும் எழுத வேண்டும். பனிக் காலத்தில் சாப்பாடு புரையேறிச் சுவாசப்பையில் சளி கட்டியது (விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்). காய்ச்சல். திரும்பவும் வார்ட். திரும்பி வந்தவள் கதிரையில் இருந்தாள், எண்ணவில்லை. ஊசியைக் காட்டினேன். முகத்தைத் திருப்பினாள். நாள்கணக்காக அப்படி. பிறகு ஒரு காலை தானாக நூலைக் கையில் எடுத்தாள். ஐந்தில் நின்றாள்.

ஐந்தில் ஒரு துணி பின்னினோம். அதுவும் கொடியில் காய்ந்தது. சோற்றைக் குழைத்துக் கொடுங்கள், இருத்திவைத்துக் கொடுங்கள், அவசரப்படாதீர்கள் என்பதுதான் அதில் இருந்து எனக்குச் சொல்லத் தெரிந்தது.

எண் வந்த பிறகு அவள் அதையே எல்லாவற்றுக்கும் எடுத்தாள். சீனி இரண்டு கரண்டி வேண்டும் என்றால் "ஒண்டு, ரெண்டு" என்று போய் ரெண்டில் நிற்பாள். நேரே ரெண்டுக்குப் போக ஏலாது. படியேறித்தான் போக வேண்டும். என்னைக் கூப்பிடுவதும் "ஒண்டு" தான்.

"ஒண்டு!"

"ஓம், வாறன்."

இராசமணி அக்காவுக்கு அது பெரிய பகிடி. "என்ன பவளம், மனிசனுக்கு நம்பர் போட்டிட்டியோ? அப்ப சுகந்தி ரெண்டு. நான் எத்தினை?"

பவளம் அவவை மேலும் கீழும் பார்த்தாள். உதடு உள்ளுக்குள் அசைந்தது.

"பன்னெண்டு" என்றாள்.

"பாத்தியே! என்னை எங்கை கொண்டுபோய் விட்டிருக்கிறாள் எண்டு!"

இராசமணி அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பவளமும் சிரித்தாள். ஒன்றில் இருந்து சத்தமாக ஏறிவராமல் நேரே சொன்ன முதல் எண் அது. அப்போது நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. சாப்பிட இருந்தபோதுதான் சுகந்தி சொன்னாள்.

வெயில் காலம் வந்தது. நான் தோட்டத்தில் இதரை வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ!"

மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடினேன். எந்த வரம்பில் எப்படி வந்தேன் என்று தெரியாது. பவளம் விறாந்தையில் பொல்லோடு எழும்பி நின்றாள். கொடியடியில் இராசமணி அக்காவின் ஆடு. அதன் வாய்க்குள் ஒரு சின்னத் துவாய் பாதி போயிருந்தது. அவள் பொல்லைத் தூக்கி ஆட்டைக் காட்டினாள்.

நான் ஆட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன கூப்பிட்டனீர்?"

வாயைத் திறந்தாள். தேடினாள். வரவில்லை. "இஞ்... இஞ்..." என்றாள். முகம் வாடியது. ஆடு அந்த இடைவெளியில் மீதியையும் தின்றுவிட்டது. இருபத்திரண்டு கண்ணித் துவாய்.

பேச்சுப் பயிற்சிப் பிள்ளையிடம் கேட்டேன். பதறினால் பழைய சொல் தானாகத் தெறிக்கும், கூப்பிட்டால் வராது, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்காதேங்கோ என்றா. அதன் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் ஆட்டைக் கட்டிவைக்கச் சொல்லி இராசமணி அக்காவிடம் சண்டைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

அந்தச் சொல் இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் நல்லது. நான் "ஒண்டு"க்கு ஓம் சொல்லப் பழகிவிட்டேன்.

சின்னச் சின்னச் சொற்கள் வருகின்றன. ஓம். வேண்டாம். சுடுது. போன கிழமை மண் பட்ட என் சேர்ட்டைக் காட்டி "ஊத்தை" என்றாள். சுகந்தி என்னைக் கட்டிப்பிடித்துச் சந்தோசப்பட்டாள். ஊத்தை என்று கேட்டு ஒரு வீடு சந்தோசப்பட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரலாம். எந்தச் சொல்லோடு வரும் என்று சொல்லத் தெரியாது.

அவளின் வலக்கை விரல்கள் மடங்கித்தான் இருக்கின்றன. குளிக்கவார்க்கும்போது நான் ஒவ்வொன்றாக நீட்டித் துடைத்துவிடுவேன். துடைக்கும்போது என்னை அறியாமல் எண்ணுவேன். ஒண்டு என்றுதான் தொடங்குகிறேன். சந்தையிலும் இப்போது ஒண்டு என்று வாய் தவறிவிடுகிறது. வியாபாரிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

முந்தி எனக்கு நேரம் என்பது வாழைதான். குட்டி வைத்தது, பூப்பொத்தி தள்ளியது, குலை வெட்டியது. இடையில் கிடந்ததெல்லாம் நேரம் என்று தெரியாது. இப்போது ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில் அவள் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஊசியைப் பிடித்தபடி இருக்கிறேன். அந்த இடம் பெரிதாக இருக்கிறது. அதில் காற்று அடிக்கிறது, வேலியில் அணில் ஓடுகிறது, அவளின் மூச்சுக் கேட்கிறது. என் வலக்கை அவளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது என் கை மட்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை.

ஊக்குக் குத்திய துணி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. ஒரு நாள் சுகந்தி அதை எடுத்து, "முடிச்சு விடுவமே அப்பா?" என்று கேட்டாள். பவளம் பறித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

எனக்கு விளங்கியது. அது முப்பத்திரண்டு கண்ணித் துணி. அந்த ஊக்கைக் கழற்றுகிற நாளில் வரியின் கடைசிக் கண்ணி வரைக்கும் அவளேதான் எண்ண வேண்டும். நான் அவசரப்படுத்தவில்லை.

இப்போது ஊசியில் இருப்பது வேறு துணி. காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு விறாந்தையில் இருந்து பின்னுகிறோம். இன்று காலை அவள் நின்ற இடம்:

இருபத்தொன்பது.